ஏற்காட்டில் ஸ்டேக் விருந்து: முதன்முறை செல்லும் குடும்பங்களுக்கு

நம் வீட்டு விருந்தில் கறி எவ்வளவு வேக வேண்டும் என்று உண்பவரை யாரும் கேட்பதில்லை. குழம்புக்கறி எலும்பிலிருந்து கழன்று வரும்வரை வேகும். சுக்கா கறுத்துச் சுருளும்வரை வறுபடும். அதையெல்லாம் அடுப்படியில் நிற்பவரே முடிவு செய்துவிடுவார். தடித்த இறைச்சித் துண்டை அப்படியே சுட்டுத் தரும் ஸ்டேக் எனப்படும் மேற்கத்திய உணவில் அந்த முடிவு உண்பவரிடம் விடப்படுகிறது. எந்தப் பகுதிக் கறி, எத்தனை கிராம், உள்ளே எந்த அளவுக்கு வேக வேண்டும், உடன் என்ன வேண்டும் என்று நான்கு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பரிமாறுபவர் குறிப்பேட்டுடன் காத்து நிற்பார். பிறந்தநாள், திருமண நாள், முதல் சம்பளம் என்று ஏதோ ஒரு மகிழ்ச்சியை முன்னிட்டுச் சேலத்திலிருந்து மலையேறிப் போகும் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நானும் அங்கேதான் தவறினேன். என் பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளன்று, ஏற்காட்டில் ஒரு நல்ல விடுதியின் உணவகத்தில், அப்பாவைக் கேட்காமலேயே அவருக்கும் சேர்த்து ‘மீடியம் ரேர்’, அதாவது நடுவில் சிவப்பாக விடும் வேக்காடு, என்று சொல்லிவிட்டேன். தட்டு வந்தது, அப்பா கத்தியை அழுத்தியதும் சிவந்த சாறு பரவியது, அவர் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, “எனக்குப் பசியில்லப்பா, நீ சாப்பிடு” என்றார். சமையலில் குறையேதும் இல்லை. வீட்டிலேயே அவரிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அந்த மதியம் வேறு மாதிரி அமைந்திருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் யாவும் அந்த இரண்டு நிமிடப் பேச்சை முன்கூட்டியே முடித்து வைப்பதற்காக எழுதப்பட்டவை.

நாளும் நேரமும்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்று வீட்டில் யாராவது அசைவம் தவிர்க்கும் நாளில் விழா விழுந்தால், விருந்தை அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பதில் எந்தக் குறையும் இல்லை. கிறித்தவக் குடும்பங்களில் தவக்காலத்தையும் இப்படியே கவனிக்க வேண்டும். மேசையில் ஒருவர் தயிர்சாதத்துடன் ஒதுங்கி அமர்ந்திருக்க, மற்றவர்கள் இறைச்சியை வெட்டிக்கொண்டிருப்பது கொண்டாட்டமாகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, புதியவர்களுக்கு நான் இரவு விருந்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மதிய உணவே சிறந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்றாலும், அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. மழைக்காலத்திலும் மார்கழியிலும் மாலையில் இறங்கும் பனிமூட்டம் சில அடி தூரத்துக்கு மேல் சாலையைக் காட்டாது. இத்தகைய விருந்து நம் ஊர் பிரியாணிக் கடையில் சாப்பிடுவது போல அரை மணி நேரத்தில் முடிவதன்று. சூப், முதல் உணவு, ஸ்டேக், இனிப்பு, காபி என்று நிதானமாக நகர இரண்டு மணி நேரமாகும். இரவு ஒன்பது மணிக்குக் காபியைக் குடித்துவிட்டுப் பனியில் மலையிறங்குவதைவிட, பகல் ஒரு மணிக்கு மேசையில் அமர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புவது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. இரவு உணவுதான் வேண்டுமென்றால் அன்றிரவு மலையிலேயே தங்கிவிடுங்கள். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுவதும் நலம். ஏரிக்கரையெங்கும் வாகனங்கள் நிற்கும்போது முன்பதிவு செய்த நேரத்துக்கு மேசையை அடைய முடியாது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

பெருநகரங்களில் உள்ளதுபோல் ‘ஸ்டேக் ஹவுஸ்’ என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்காட்டின் பெரிய விடுதிகளிலும், சேலம் நகரின் நட்சத்திர விடுதிகளிலும் உள்ள உணவகங்களின் மெனுவில் ‘கிரில்’ அல்லது ‘கான்டினென்டல்’ என்ற பகுதியைப் பாருங்கள். ஸ்டேக் இருந்தால் அங்கேதான் இருக்கும். ‘சிஸ்லர்’ என்று எழுதியிருப்பது வேறு. அது சூடேற்றிய இரும்புத் தட்டில் காய்கறி, சோறு அல்லது நூடுல்ஸ், கறி ஆகியவற்றின் மேல் சாஸை ஊற்றி, புகையும் சத்தமுமாகக் கொண்டுவரப்படுவது. சுவையானதுதான், ஆனால் தட்டின் சூட்டில் கறி தொடர்ந்து வெந்துகொண்டே இருப்பதால், நீங்கள் சொன்ன வேக்காடு அதில் நிற்காது.

இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே உணவகத்தை அழைத்து, முன்பதிவோடு சில கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். முதல் கேள்வி, அது என்ன இறைச்சி என்பது. நம் நாட்டில் ‘பீஃப் ஸ்டேக்’ என்று பரிமாறப்படுவது பல இடங்களில் எருமைக்கறி. மாட்டிறைச்சியை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருப்பதால், ஜப்பான் மாடு, அமெரிக்க மாடு என்று எழுதியிருந்தால் விளக்கம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. எருமைக்கறி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அது கொழுப்புக் குறைந்தது, நிறம் ஆழ்ந்தது, அளவுக்கு மீறி வேகவைத்தால் எளிதில் இறுகிவிடுவது. இதைத் தெரிந்துகொண்டு பகுதியையும் வேக்காட்டையும் தேர்ந்தால் மிக நன்றாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி, மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்பது. நம் குடும்பங்களில் ஒரே மேசையில் ஒருவர் எல்லாம் உண்பார், ஒருவர் ஆடும் கோழியும் மட்டும் உண்பார், ஒருவர் முட்டைகூடத் தொடமாட்டார். ஆட்டு விலா எலும்பைச் சுட்ட ‘லேம்ப் சாப்ஸ்’, கோழி நெஞ்சுக்கறி, வஞ்சிர மீன் துண்டு, காளான், பனீர் ஆகியவை பெரும்பாலும் அதே பகுதியில் கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் ஒரே கிரில் கம்பியின் மேல் சுடப்படுகின்றனவா, தனிச் சட்டியில் சமைத்துத் தர முடியுமா என்பதை முன்பே கேட்டாக வேண்டும். என் அம்மா மாட்டிறைச்சி உண்ணமாட்டார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது சமையலறையில் இருந்தவர் தனிச் சட்டியில் செய்து தருவதாக மனமுவந்து ஒப்புக்கொண்டார். மேசையில் அமர்ந்த பிறகு, நெரிசலான ஞாயிறு மதியத்தில் இதைக் கேட்டிருந்தால் அவரால் செய்திருக்க முடியாது.

உடை விதி ஏதேனும் உண்டா, கேக் கொண்டுவரலாமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். வெளிப்புல்வெளியில் மேசை போட்டுத் தருவதாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்காற்றில் ஸ்டேக் பத்து நிமிடத்தில் ஆறி, அதன் மேலுள்ள வெண்ணெயும் கொழுப்பும் உறைந்து வாயில் ஒட்டும். பள்ளத்தாக்கின் அழகைப் பார்க்கும் கண்ணாடிச் சன்னலோரம், உட்புறத்தில் கேளுங்கள்.

மலையேறும்போது

வளைவுகளில் வயிறு புரட்டுபவர்கள் நம் வீடுகளில் கட்டாயம் ஒருவராவது இருப்பார். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, உணவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மலைமேல் போய்ச் சேர்ந்து, ஏரிக்கரையில் சற்று நடந்த பிறகு உணவகத்துக்குள் நுழையுங்கள். வண்டியிலிருந்து இறங்கியவுடன் கொழுப்பும் வெண்ணெயும் நிறைந்த உணவின் முன் அமர்ந்தால் யாருக்கும் இறங்காது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ இருக்கட்டும்.

வண்டி ஓட்டுபவர் மது அருந்தக்கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே உறுதி செய்யுங்கள். ஸ்டேக்குடன் ஒயின் அருந்துவது மேற்கத்திய வழக்கம்தான். ஆனால் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம், அதுவும் நீங்கள் இறங்கப்போவது மலைப்பாதை.

எந்தப் பகுதிக் கறி

மெனுவில் உள்ள பெயர்கள் மிரட்டுவது போலத் தோன்றினாலும், அடிப்படை ஒன்றே: விலங்கு அதிகம் வேலை வாங்காத தசை மென்மையாக இருக்கும், கொழுப்பு ஊடுருவிய தசை சுவை மிகுந்திருக்கும். முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும் நீளமான தசைக்கு ‘டெண்டர்லாயின்’ அல்லது ‘ஃபில்லே’ என்று பெயர். நம் கறிக்கடைகளில் ‘அண்டர்கட்’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான். நடக்கவோ சுமக்கவோ அதிகம் பயன்படாத தசையாதலால் கத்தி தானாகவே இறங்கும். பல் பலவீனமான பெரியவர்களுக்கும் முதன்முறை உண்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். விலா எலும்புப் பகுதியிலிருந்து வரும் ‘ரிப் ஐ’ கொழுப்பு இழையோடியது. சுவை ஆழமானது, சற்று மெல்ல வேண்டும். ‘சர்லாயின்’ இடுப்புப் பக்கத்துக் கறி, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ‘டி போன்’ என்பது T எழுத்து வடிவ எலும்பின் ஒரு பக்கம் டெண்டர்லாயினும் மறுபக்கம் முதுகுத் தசையும் சேர்ந்திருக்கும் பெரிய துண்டு. இருவர் பகிர்ந்துகொள்ள ஏற்றது. எருமைக்கறி என்று தெரிந்தால் டெண்டர்லாயினைத் தவிர வேறு பகுதிக்குப் புதியவர்கள் போகாதிருப்பது நல்லது என்பது என் கருத்து.

மெனுவில் 200 கிராம், 300 கிராம் என்று குறித்திருப்பது பச்சைக் கறியின் எடை. சுடும்போது நீரும் கொழுப்பும் வடிந்து, தட்டுக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். அப்படியிருந்தும் சோறில்லாமல் வெறும் இறைச்சியாக உண்பதால் 200 கிராமே பெரும்பாலோருக்குப் போதும்.

வேக்காடு

இதுதான் விருந்தின் உயிர். ஆகவே இதை மட்டும் முந்தைய நாள் இரவே வீட்டில் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். இந்தக் கேள்விக்கு நாம் அப்படியொன்றும் புதியவர்கள் அல்லர். பரோட்டாக் கடையில் ‘ஆஃப் பாயிலா, ஃபுல் பாயிலா’ என்று கேட்டால் நாம் தயங்காமல் பதில் சொல்கிறோம். மஞ்சள் கரு வழிய வேண்டுமா, கட்டியாக வேண்டுமா என்பது அவரவர் விருப்பம் என்று அங்கே ஒப்புக்கொண்ட நாம், இறைச்சியிலும் அதையே ஒப்புக்கொண்டால் போதும். என் அப்பாவுக்கும் பிறகொரு நாள் இப்படிச் சொன்னபோதுதான் விளங்கியது. அவர் வாழ்நாள் முழுவதும் ஃபுல் பாயில் கேட்பவர்.

சொற்கள் ஐந்து. ‘ரேர்’ என்றால் மேற்புறம் மட்டும் சுட்டு, உள்ளே சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். நடுப்பகுதியின் வெப்பம் சுமார் 50 டிகிரி செல்சியஸ். ‘மீடியம் ரேர்’ 54 முதல் 57 டிகிரி வரை. நடுவில் சிவந்து, ஓரம் நோக்கி இளஞ்சிவப்பாகும். ‘மீடியம்’ 60 முதல் 63 வரை, முழுவதும் இளஞ்சிவப்பு. ‘மீடியம் வெல்’ 65-க்கு மேல். நடுவில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு மட்டும். ‘வெல் டன்’ 71-க்கு மேல்; சிவப்பே இல்லாமல் பழுப்பாக இருக்கும். பரிமாறுபவர் தமிழ் அறியாதவராக இருந்தாலும் இந்த ஐந்து சொற்களில் உரையாடல் முடிந்துவிடும்.

தட்டில் பரவும் சிவப்புச் சாறு இரத்தம் அன்று. இரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. இது தசையில் உள்ள நீரும், ‘மயோகுளோபின்’ என்ற சிவப்புப் புரதமும் கலந்தது. அப்பாவிடம் நான் சொல்லத் தவறிய ஒற்றை வாக்கியம் இது. சொல்லியும் மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்தக்கூடாது. ஆறு வயதிலிருந்து நன்றாக வெந்த கறியையே உண்டு பழகிய ஒருவருக்கு அறுபது வயதில் சிவந்த கறி அருவருப்பாகத் தோன்றுவது இயல்பானது. அவருக்கு ‘வெல் டன்’ சொல்லுங்கள், அதற்கு டெண்டர்லாயினைத் தேர்ந்தெடுங்கள், மேலே மிளகு சாஸ் கேளுங்கள். ‘வெல் டன் கேட்பவருக்குச் சுவை தெரியாது’ என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. கறி இறுகும், சாறு குறையும் என்பது உண்மை; அதைத் தெரிந்துகொண்டே ஒருவர் விரும்பினால் அது அவருடைய தட்டு.

பாதுகாப்பைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். முழுத்துண்டு மாட்டிறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும் என்பதாலும், கடும் சூட்டில் அவை அழிந்துவிடும் என்பதாலும்தான் உட்புறத்தைச் சிவப்பாக விடும் வழக்கம் நிலைபெற்றது. இருந்தாலும் முழுத்துண்டுக்கு 63 டிகிரி வெப்பமும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் தேவை என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. இது மீடியத்தின் மேல் எல்லை. கொத்திய கறியில் மேற்புறமும் உட்புறமும் கலந்துவிடுவதால் அதை 71 டிகிரி வரை வேகவைத்தாக வேண்டும்; கோழிக்கு 74 டிகிரி. ஆகவே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோயிலிருந்து மீண்டுவருபவர்கள் ஆகியோருக்கு வெல் டன் மட்டுமே. கோழி, பன்றி, கொத்துக்கறி ஆகியவற்றில் சிவப்பைக் கண்டால் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. கறி அடுப்பிலிருந்து இறங்கியதும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்வெடுக்க விடுவார்கள். உடனே வெட்டினால் சாறு முழுவதும் தட்டுக்குப் போய்விடும். தடிமனான துண்டுக்கு இதையும் சேர்த்து இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகலாம். தாமதம் என்று கோபப்படாதீர்கள். தட்டைச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். மலைக்குளிரில் இது பெரிய உதவி.

தட்டு வந்த பிறகு

முதலில் நடுவில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்த்து, சொன்ன வேக்காடுதானா என்று உறுதி செய்யுங்கள். குறைவாக வெந்திருந்தால் அப்போதே அமைதியாகச் சொன்னால், எடுத்துப்போய் மீண்டும் சுட்டுத் தருவார்கள். அதிகமாக வெந்துவிட்டால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பாதி உண்ட பிறகு சொல்வது முறையன்று. இதனால்தான் இரண்டு வேக்காடுகளுக்கு நடுவில் தயங்குபவர்கள் குறைந்த வேக்காட்டைக் கேட்பது புத்திசாலித்தனம்.

முட்கரண்டி இடக்கையில், பல் வைத்த ஸ்டேக் கத்தி வலக்கையில். எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டி வைத்துவிடாமல், ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு துண்டாக, தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டிய கறி வாயில் எளிதில் பிரியும். கத்தி பிடித்துப் பழகாத பெரியவர்களுக்காக, சமையலறையிலேயே வார்களாக அறுத்துப் பரிமாறச் சொல்லலாம்; நல்ல உணவகங்களில் இதற்குத் தயங்கமாட்டார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். ரொட்டியைக் கையால் பிய்த்து உண்பதுதான் முறை. உண்டு முடித்ததும் கத்தியையும் முட்கரண்டியையும் சேர்த்து இணையாகத் தட்டில் வைத்தால் எடுத்துப்போவார்கள். கூரை வடிவில் விலக்கி வைத்தால் இன்னும் உண்பதாகப் பொருள்.

உடன் வரும் உருளைக்கிழங்கு மசியல், கீரை, காளான் ஆகியவை சில இடங்களில் ஸ்டேக்கின் விலையிலேயே அடங்கும், சில இடங்களில் தனி விலை, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சாஸ்களில் நம் நாவுக்கு உடனே பிடிப்பது மிளகு சாஸ்தான். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பற்றிப் படரும் மிளகைத்தான் இங்கே பயன்படுத்துகிறீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்; ஆம் என்றால் அதை விடவேண்டாம். சாஸை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் தரச் சொன்னால் கறியின் சுவையும் தெரியும். இறுதியில் பாலில்லாத காபி குடியுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் தொடங்கிவைத்த பயிர் அது. கொழுப்பு நிறைந்த உணவுக்குப் பின் அதன் கசப்பு நாக்கைச் சுத்தமாக்கும்.

பில்

உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 5 சதவீதம். நாளொன்றுக்கு அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதம். மெனுவிலுள்ள விலையோடு இதைச் சேர்த்தே பணத்தைத் திட்டமிடுங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பது வரியன்று. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதே வேளையில், பெரியவர்களைப் பொறுமையாகக் கவனித்த பரிமாறுபவரின் கையில் மனமார ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வருவது நம் பண்பு.

மீந்த கறியைக் கட்டித் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மலையிறங்கி நேராக வீட்டுக்கு வந்து, பரிமாறி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அதை மெல்லிய வார்களாக அறுத்து, தோசைக்கல்லில் சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, கறியைப் போட்டு, ஆவி பறக்கும் வரை நன்றாகச் சூடேற்றிப் புரட்டி, இடித்த மிளகைத் தூவி இறக்குங்கள். அன்று தட்டை ஒதுக்கிய என் அப்பா, மறுநாள் இந்தக் கறியைத் தோசையோடு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.